வீட்டில் இசை கேட்கச் சிறிய ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அண்ணா நகர் அடுக்ககத்தில் 12க்கு 11 அடி அறை; 6 ஓம், 86 டெசிபல் உணர்திறன் கொண்ட அலமாரி ஸ்பீக்கர்கள் கையில் இருக்கின்றன; பழைய ஏ.வி. ரிசீவர் பழுதாகிவிட்டது, லேப்டாப், டிவி இரண்டிலிருந்தும் பாட்டுக் கேட்க வேண்டும். இதற்கு '300 வாட்' என்று அச்சிட்ட கையளவுப் பெட்டியை இணையத்தில் வாங்குவதா, 50 வாட் போதுமா, அல்லது எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்துகொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மறந்துவிட்டு, முதலில் உங்கள் ஸ்பீக்கரையும் அறையையும், அடுத்து அந்தப் பெட்டியுடன் வரும் அடாப்டரின் லேபிளையும் பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் பதில்.

உங்களுக்கு எத்தனை வாட் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உணர்திறன், அதாவது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதற்கான 86 டெசிபல், பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்த அளவு. அந்த வோல்டேஜ் 8 ஓம் ஸ்பீக்கருக்குள் 1 வாட்டாகவும், உங்கள் 6 ஓம் ஸ்பீக்கருக்குள் ஏறத்தாழ 1.3 வாட்டாகவும் ஆகிறது. தொலைவு இரட்டிப்பானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதாலும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதாலும் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. எட்டடி தள்ளி உட்கார்ந்தால், ஸ்பீக்கருக்கு ஒரு வாட் வீதம் கொடுக்கும்போது உங்கள் காதை எட்டுவது சுமார் 82 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் குடும்பத்தார் பேசிக்கொண்டிருக்க, நாம் கேட்கும் சராசரி அளவு 72 டெசிபலைத் தாண்டாது. அதற்கு வேண்டியது பத்தில் ஒரு பங்கு வாட் மட்டுமே.

ஆனால் சராசரியை மட்டும் வைத்து ஆம்ப்ளிஃபையர் வாங்க முடியாது. நேரடியாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள்: தம்புராவும் குரலும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிருதங்கத்தில் விழும் ஓர் அடி, சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எழும்பக்கூடும். தவில் இன்னும் கடுமையானது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால், 72 டெசிபலில் கேட்பவருக்கு 92 டெசிபல் உச்சத்துக்கு 10 வாட் தேவைப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திவிட்டுச் சற்று உரக்க, சராசரி 80 டெசிபலில் கேட்டால், 98 டெசிபல் உச்சத்துக்கு 40 வாட் தேவைப்படும். அண்மைக்காலத் திரைப்பாடல்கள் பெரும்பாலும் நன்றாக அமுக்கி மாஸ்டர் செய்யப்பட்டவை. அவற்றில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி குறைவு, ஆகவே தேவையும் குறைவு. எப்படிப் பார்த்தாலும் உங்கள் அறைக்கு, திரிபில்லாத (ஒலியலை உருக்குலையாத) 40 முதல் 60 வாட் தாராளம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் என்பதையும் நினைவில் வையுங்கள். 1978இல் வந்த நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிஃபையரின் மதிப்பீடு 8 ஓமுக்கு 20 வாட் மட்டுமே. அந்த 20 வாட் உண்மையானது என்பதால், உலகெங்கும் அறைகளை நிறைத்துப் பெயர் வாங்கியது.

இனி அந்த '300 வாட்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இன்று விற்பனையாகும் சிறிய கிளாஸ் டி (ஒலியைத் துடிப்புகளாக மாற்றிப் பெருக்கும் வகை) பெட்டிகள் பலவற்றுள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3255 ஐசி (பெருக்கும் வேலையைச் செய்யும் சில்லு) இருக்கிறது. விலை குறைந்தவற்றுள் டிபிஏ3116 இருக்கும். இரண்டுமே நல்ல ஐசிகள். டிபிஏ3255இன் தகவல் தாளில் 4 ஓமுக்கு, சானலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 315 வாட் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது 10 சதவீதத் திரிபில், 50 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம் கொடுத்து அளந்த எண். 10 சதவீதத் திரிபு என்றால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுக் காதுக்கு உறுத்தும் நிலை. அதே தாளில் 1 சதவீதத் திரிபுக்குச் சொல்லப்படுவது 260 வாட். பெட்டி விற்பவர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்து அச்சிடுகிறார்கள். கூடவே தருவது 24 வோல்ட் அடாப்டராக இருந்தாலும் எண் மாறுவதில்லை. இது வாங்குபவரை ஏமாற்றும் வழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஒருகாலத்தில் இங்கே டேப்ரெக்கார்டர்களின் மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்ட பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று சொல்லப்பட்ட விளம்பர எண்) வாட்டுகளின் வாரிசு இது.

உண்மையான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இத்தகைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஐசி எதிரெதிராக ஓட்டுகிறது. எனவே வெளிவரும் அலையின் உச்சம் அடாப்டரின் வோல்டேஜைத் தாண்ட முடியாது. அடாப்டரின் வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு சானலின் உச்சவரம்பு கிடைத்துவிடும். உங்கள் 6 ஓம் ஸ்பீக்கருக்கு 24 வோல்ட் அடாப்டர் தருவது 48 வாட்; 32 வோல்ட் தருவது 85 வாட்; 48 வோல்ட் தருவது 192 வாட். உள்ளிழப்புக்காக இதிலிருந்து பத்து, பதினைந்து சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வோல்டேஜை ஆம்பியரால் பெருக்கி அடாப்டர் மொத்தமாகத் தரக்கூடிய வாட்டைப் பாருங்கள்: 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றால் 108 வாட். இரண்டு சானலுக்கும் சேர்த்து, தொடர்ச்சியாக இதைவிட அதிகம் எந்த ஐசியாலும் தர இயலாது. மாடித் தொட்டியில் இல்லாத தண்ணீரைப் பெரிய குழாய் போட்டு வாங்கிவிட முடியாதல்லவா? இந்தக் கணக்கின்படி உங்களுக்குப் பொருத்தமானது 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டருடன் வரும் பெட்டி. 48 வோல்ட் தேவையில்லை. 24 வோல்ட்டும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும், கச்சேரிப் பதிவுகளை உரக்கக் கேட்கும்போதுதான் எல்லையைத் தொடும்.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம் உண்டு. கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒலியை மிக வேகமான துடிப்புகளாக மாற்றிப் பெருக்கி, கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் கொண்ட ஃபில்டர் வழியே மீண்டும் ஒலியலையாக ஆக்குகிறது. பின்னூட்டம் (வெளிவருவதை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் இணைப்பு) அந்த ஃபில்டருக்கு முன்னாலேயே எடுக்கப்பட்டால், உச்ச அதிர்வெண்களில் ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்ப ஒலி மாறும்: 4 ஓம் ஸ்பீக்கரில் ஜால்ராவின் மினுமினுப்பு சற்று மங்கும், 8 ஓம் ஸ்பீக்கரில் சற்றுத் தூக்கலாகும். ஃபில்டருக்குப் பின்னாலிருந்தும் பின்னூட்டம் எடுக்கும் வடிவமைப்பில் இந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது புருனோ புட்சேஸ் உருவாக்கிய யூசிடி, பின்னர் ஹைபெக்ஸில் அவர் உருவாக்கிய என்கோர் ஆகியவை இந்த வழியில் சென்றவை. இப்போது டிபிஏ3255 பெட்டிகள் சிலவும் இதைப் பின்பற்றுகின்றன. விலையில் சிறு வித்தியாசம் மட்டுமே என்றால், கூடுதல் வாட்டுக்குப் பதிலாக இதற்குப் பணம் கொடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

பவர் ஆம்ப்ளிஃபையர் என்றால் கண்டிப்பான பொருளில் அதில் வால்யூம் குமிழ் இருக்காது. ஒலியளவை வேறொரு கருவிதான் குறைத்துத் தர வேண்டும். சிறிய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் குமிழ் இருக்கிறது, உங்களுக்கு அதுவே நல்லது. லேப்டாப்பிலிருந்து தவறுதலாக முழு அளவு ஒலி வந்து ட்வீட்டரை (உச்ச ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கரை) பதம் பார்க்கும் ஆபத்து அதனால் குறைகிறது. ஆனால் மலிவான குமிழ்களில், தொடக்கத்திலிருந்து கால் சுற்றுவரை இடமும் வலமும் ஒன்றாக ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காக இரவில் மெதுவாகக் கேட்பவர்கள் அந்தக் கால் சுற்றிலேயே இருப்பதால், பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டதுபோல் கேட்கும். கெயின் (உள்ளே வருவதைப் பெருக்கும் அளவு) அதிகமாக உள்ள பெட்டியில் இது மோசமாகும். கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால், டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் வழக்கமான டிஏசி கருவி ஒன்று தரும் 2 வோல்ட் 40 வோல்ட்டாகப் பெருக்கப்படும்; உங்கள் தேவைக்கு அதுவே மிக அதிகம். ஆகவே கெயின் குறைவானதை அல்லது கெயினை மாற்றும் சுவிட்ச் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குமிழைப் பாதியில் வைத்துவிட்டு லேப்டாப்பிலேயே அளவைக் குறைப்பதும் நல்ல வழிதான்.

டிவியை இணைக்கும்போது உறுமல் வந்தால் ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்கும் முன் கேபிள் அல்லது டி.டி.எச். வயரைக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், இரண்டு கருவிகளின் எர்த் வழியே சுற்றும் மின்னோட்டமே காரணம். டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஒரு சிறிய டிஏசி மூலம் எடுத்தால் மின் இணைப்பே அற்றுப்போவதால் சிக்கல் தீரும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது; யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ரிச்சி தெருப் பக்கம் வருவோம். எல்எம்1875, எல்எம்3886, டிடிஏ7293 போன்ற ஐசி போர்டும், அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரும், கனமான ஹீட் சிங்கும் வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் அருமையாகப் பாடும். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மரில் எல்எம்1875 ஏறத்தாழ 20 வாட் தரும். உங்கள் வழக்கமான கேட்புக்கு அது குறைவே அல்ல. பழுதானால் அங்கேயே கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் போலி ஐசிகள் புழக்கத்தில் இருப்பதால், நம்பிக்கையான கடையையோ தெரிந்த மெக்கானிக்கையோ வைத்துத்தான் இதில் இறங்க வேண்டும். மேலும் இவை எப்போதும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கிளாஸ் ஏபி வகை என்பதால் பாட்டே இல்லாதபோதும் சூடாகும். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் மின்வெட்டின்போது டிரான்ஸ்ஃபார்மர் முனகும். 230 வோல்ட் மின்சாரத்தைக் கையால் இணைக்கும் வேலையும் இதில் இருக்கிறது. நீங்கள் இதைக் கற்றுக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். பாட்டுக் கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் கிளாஸ் டி பெட்டியையே பரிந்துரைக்கிறேன்.

சென்னைக்கு அதுதான் பொருத்தம் என்பதற்கு வெப்பமும் ஒரு காரணம். மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் அறையில், கதவு மூடிய டிவி ஷெல்ஃபுக்குள் வைத்த எந்தக் கருவியும் நீடிக்காது. எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் 90 சதவீதம்வரை ஸ்பீக்கருக்கே அனுப்பக்கூடிய கிளாஸ் டி குறைவாகச் சூடாகும்; அதையும் திறந்த இடத்தில் வையுங்கள். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதாகவும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்டதாகவும் இருக்கட்டும். கோடையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கினாலும் அது சமாளித்துக்கொள்ளும். நான் திருவான்மியூரில் கடலோரம் குடியிருப்பதால் உப்புக் காற்று செம்பு வயர் முனைகளைப் பச்சையாக்கிவிடுவதை அறிவேன். உங்கள் பகுதியில் அவ்வளவு தொல்லை இல்லை, ஆனாலும் ஸ்பீக்கர் வயர் முனைகளை அதற்கான பிளக்கில் இறுக்கிப் பொருத்துவது நல்லது. வயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நான்கைந்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும்.

இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை: இந்தப் பெட்டிகளின் கறுப்பு முனைகள் எர்த் அல்ல, அவற்றிலும் ஒலி ஓடுகிறது. இரண்டு கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தாலோ, அவற்றைப் பொதுவாக்கும் பழைய ஸ்பீக்கர் செலக்டர் பெட்டியில் இணைத்தாலோ ஐசி எரிந்துபோகலாம். பெட்டி வந்தவுடன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டில்லாமல் ட்வீட்டரருகே காதை வைத்து இரைச்சலைக் கேளுங்கள். ஓர் அடி தள்ளியும் கேட்டால் திருப்பி அனுப்பலாம். பிறகு குரல் மட்டும் உள்ள ஒரு பதிவை மிகக் குறைந்த ஒலியில் ஓட்டி, குரல் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஒரு மணி நேரம் உரக்க ஓட்டியபின் பெட்டியையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அதையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.