‘ரிட்டயர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பணி ஓய்வு என்பது ஒன்றுதான் பொருளா?

“ஆங்கிலத்தில் ‘ரிட்டயர்’ என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதுதானே? அப்படியிருக்க, கிரிக்கெட்டில் அடிபட்டு வெளியேறும் இளைஞரையும் ஏன் ‘ரிட்டயர்டு’ என்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளில் பல ஆண்டுகளாகக் கணக்குப்பதிவியல் கற்பித்து வருபவன் என்பதால், இந்தச் சொல்லோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. ஆங்கில நூலில் ‘பில் ரிட்டயர் செய்யப்பட்டது’ என்ற பொருளில் வந்த ஒரு வரியை, என் மாணவி ஒருத்தி “மாற்றுச் சீட்டு ஓய்வு பெற்றது” என்று தமிழில் எழுதியிருந்தாள். மாற்றுச் சீட்டு என்பது, குறிப்பிட்ட நாளில் பணம் தரும்படி கடன்பட்டவருக்கு எழுதப்படும் வணிக ஆவணம். அவளுடைய தவற்றுக்குக் காரணம் அவளல்ல என்றே நான் இன்றும் கருதுகிறேன். நாம் எல்லோரும் அந்தச் சொல்லை ‘ஓய்வு’ என்ற ஒரே வாசல் வழியாகத்தான் அறிமுகம் செய்துகொண்டோம். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் ஓய்வு என்ற கருத்தே கிடையாது.

இந்த வினை 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் ‘திரே’ என்றால் இழுத்தல். அதன் முன் ‘மீண்டும், பின்னால்’ என்று பொருள்தரும் முன்னொட்டுச் சேர்ந்து, பின்னுக்கு இழுத்துக்கொள்ளுதல் என்ற பொருள் பிறந்தது. ஆங்கிலத்தில் களைப்படைதலைக் குறிக்கும் ‘டயர்’ என்ற வினை இதனுள் ஒளிந்திருப்பதுபோல் காதுக்குத் தோன்றினாலும், அது பழைய ஆங்கிலத்திலிருந்து வழிவந்த வேறொரு சொல், இரண்டுக்கும் உறவில்லை. ஆகவே ‘ரிட்டயர்’ என்பதன் உட்கருத்து, நின்ற இடத்திலிருந்து விலகி, தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஒதுக்கமான ஓரிடத்துக்குப் போவதுதான். களைத்தவர்களும் அப்படிப் போகலாம், களைக்காதவர்களும் போகலாம்.

முதலில் இது படைகளைப் பற்றிய பேச்சில்தான் வழங்கியது. களத்தில் நிற்கும் படை பின்வாங்கினால் அதை ‘ரிட்டயர்’ ஆயிற்று என்றார்கள். பிரிட்டிஷ் அணிவகுப்புப் பயிற்சியில், அணி திரும்பி வந்த வழியே நடக்க வேண்டும் என்பதற்கான கட்டளையில் இந்த வினை இடம்பெற்றிருந்தது. பிரெஞ்சு மொழியிலோ, படையின் பின்வாங்கலுக்கும் முதியவரின் பணி ஓய்வுக்கும் இன்றும் ஒரே பெயர்ச்சொல்தான் இருக்கிறது. வேலையையோ தொழிலையோ விட்டு விலகுதல் என்ற பொருளும், இரவில் படுக்கைக்குச் செல்லுதல் என்ற பொருளும் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன. பழைய ஆங்கிலக் கதைகளில் “பத்து மணிக்கு அவர் ரிட்டயர் ஆனார்” என்று வந்தால், அவர் தூங்கப் போனார் என்றுதான் கொள்ள வேண்டும். ஜூரி முறை உள்ள நீதிமன்றங்களில் சாட்சியங்கள் முடிந்து, நீதிபதி வழக்கைத் தொகுத்துச் சொன்ன பிறகு, ஜூரிகள் தனி அறைக்குச் சென்று கலந்து பேசுவதற்கும் இதே வினைதான். அவர்களுடைய முக்கியமான வேலை உண்மையில் அந்த அறையில்தான் தொடங்குகிறது.

இப்போது வேலையை விடும் பொருளுக்கு வருகிறேன். இதில்தான் கவனக்குறைவு ஒருவருடைய வாழ்க்கையையே பாதிக்கக்கூடும். தமிழில் ‘வேலையை விட்டுவிட்டார்’ என்ற ஒரே தொடரில் நாம் அடக்கிவிடும் செயலை ஆங்கிலம் பல வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றுள் ‘ரிட்டயர்’ என்பதும் ‘ரிசைன்’ என்பதும் அரசுப் பணியில் முற்றிலும் வெவ்வேறு விளைவுகளைத் தருபவை. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளின்படி, ராஜினாமா செய்தவர் அதுவரை ஆற்றிய பணிக்காலத்தை இழந்துவிடுகிறார். உரிய அனுமதியோடு வேறொரு அரசுப் பணியில் சேர்வதற்காக விலகினால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஒருவர் 20 ஆண்டுகள் தகுதியுள்ள பணியை முடித்து, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் சென்றால், அவருக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டிலும் அவர் தாமாகவே போகிறார். இரண்டிலும் மறுநாள் அலுவலகத்துக்கு வரப்போவதில்லை. ஆயினும் ஒன்றில் அவருடைய உழைப்பு கணக்கில் நிற்கிறது, மற்றொன்றில் அழிந்துவிடுகிறது.

என் தாய்மாமன் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 23 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, குடும்பச் சூழ்நிலையால் விலக முடிவு செய்தார். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது ‘ரிசைன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். ‘ரிட்டயர்’ என்பது வயதானவர்களுக்குரிய சொல் என்றும், தமக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை என்றும் அவர் எண்ணியதே காரணம். அந்தக் கடிதத்தை முதலில் வாங்கிப் படித்த பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மையார் அதை மேலே அனுப்பாமல், அவரை அருகில் உட்கார வைத்து, “சார், இந்த ஒரு வார்த்தையால் உங்கள் பென்ஷன் போய்விடும், வேறு தாளில் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். மாமா இன்று உயிரோடு இல்லை. அத்தை குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறார். அந்த அம்மையாரை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

வயது என்பது இந்த வினையின் பொருளில் கட்டாயமான பகுதி இல்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகும். வயது முதிர்வால் வரும் ஓய்வு அதன் ஒரு வகை மட்டுமே. அதற்கு விதிகள் நுணுக்கமானவை: மத்திய அரசு ஊழியர் பொதுவாக 60 வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுகிறார், ஆனால் மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. இதைத் தவிர, அரசே பொதுநலன் கருதி ஒருவரை அனுப்பிவிடும் கட்டாய ஓய்வும் உண்டு. அப்போது ‘ரிட்டயர்’ என்பது அவர் செய்யும் செயலாக இல்லாமல், அவருக்குச் செய்யப்படும் செயலாக மாறிவிடுகிறது.

வயதோடும் ஓய்வோடும் சிறிதும் தொடர்பில்லாத பதவி விலகல்களும் இருக்கின்றன. நம் அரசியலமைப்பின் 83ஆம் பிரிவு, மாநிலங்களவை கலைக்கப்படாது என்றும், அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒவ்வோர் இரண்டாம் ஆண்டின் முடிவிலும் ‘ரிட்டயர்’ ஆவர் என்றும் கூறுகிறது. 30 வயதில் அவைக்கு வந்த ஒருவர் 36 வயதில் இப்படி ‘ரிட்டயர்’ ஆகி, மறு தேர்தலில் வென்று திரும்பவும் வந்து அமரலாம். 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் (கம்பெனிகள்) சட்டத்தின் 152ஆம் பிரிவும் இத்தகையதே: பொது நிறுமத்தில் சுழற்சி முறையில் விலகக் கடமைப்பட்ட இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் ‘ரிட்டயர்’ ஆக வேண்டும், ஆனால் அதே கூட்டத்தில் அவர்களையே மறுபடியும் நியமிக்கவும் செய்யலாம். இந்த அறிவிப்புகளைத் தமிழாக்குபவர்கள் ‘ஓய்வு பெறும் இயக்குநர்’ என்று எழுதும்போது, படிக்கும் பங்குதாரருக்கு ஒரு முதியவர் விடைபெறுகிறார் என்ற தவறான எண்ணம் உண்டாகிறது. ‘சுழற்சியில் விலகும் இயக்குநர்’ என்பதே சரியானது. கூட்டாண்மைக் கணக்கியலில் எங்கள் பாடநூல் ‘கூட்டாளி விலகல்’ என்று எழுதுவது மிகச் சரியான தேர்வு என்பேன்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். அங்கே ‘ரிட்டயர்’ என்பது மட்டையாளர் ஆட்டமிழக்காமலேயே ஆடுகளத்தை விட்டு விலகிச் செல்வது. ஆட்ட விதிகளின் 25ஆம் விதி, விலகலுக்கான காரணத்தைப் பார்க்கிறது. நோய், காயம் அல்லது தவிர்க்க முடியாத வேறு காரணத்தால் போனால், அவர் பின்னர் ஒரு விக்கெட் விழும்போது திரும்ப வந்து ஆடலாம். வராவிட்டாலும் ‘ஆட்டமிழக்கவில்லை’ என்றே பதியப்படும். நாம் கேட்டுப் பழகிய ‘ரிட்டயர்டு ஹர்ட்’ இதுதான். வேறு எந்தக் காரணத்தால் போனாலும், எதிரணித் தலைவரின் இசைவு இருந்தால்தான் திரும்ப முடியும். இல்லையேல் ‘ரிட்டயர்டு அவுட்’ என்று குறிக்கப்பட்டு, அவருடைய சராசரியிலும் ஆட்டமிழப்பாகவே கணக்கிடப்படும். 2001இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டில் மார்வன் அட்டப்பட்டு 201 ஓட்டங்களிலும், மகேல ஜயவர்தன 150 ஓட்டங்களிலும், பின்னால் இருப்பவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காக இப்படி வெளியேறினார்கள். 2022 ஏப்ரல் 10 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் ராஜஸ்தான் அணிக்காக ஆடிய நம் ரவிச்சந்திரன் அஸ்வின், 23 பந்துகளில் 28 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில், கடைசிப் பந்துகளை இன்னும் வேகமாக அடிக்கக்கூடியவருக்கு இடம்விட்டுத் தாமாக விலகினார். ஐபிஎல் வரலாற்றில் அதுவே முதல் ‘ரிட்டயர்டு அவுட்’. உத்தி என்ற முறையில் அது மிகத் தெளிவான முடிவு என்பது என் கருத்து. அந்த ஆட்டத்தில் ராஜஸ்தான் மூன்று ஓட்டங்களில் வென்றது.

இந்த வகையில் என் மனத்தைவிட்டு நீங்காத பதிவு ஒன்று உண்டு. 1983இல் ஆன்டிகுவாவில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளின் கார்டன் கிரீனிட்ஜ் 154 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது, கடுமையாக நோயுற்றிருந்த தம் சிறு மகளைக் காண ஆட்டத்தை விட்டுப் புறப்பட்டார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அவருடைய பெயருக்கு எதிரே ‘ஹர்ட்’ என்றும் எழுதவில்லை, ‘அவுட்’ என்றும் எழுதவில்லை. ‘ரிட்டயர்டு நாட் அவுட்’ என்று எழுதினார்கள். அந்த வரியைத் தமிழில் ‘ஓய்வு பெற்றார்’ என்று எழுத யாருக்கும் மனம் வராது.

இனி, என் மாணவி எழுதிய மாற்றுச் சீட்டுக்கு வருகிறேன். இந்த வினை செயப்படுபொருளை ஏற்கும்போது, ஒன்றைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுதல் என்று பொருள்படும். மாற்றுச் சீட்டின்படி பணம் தர வேண்டியவர், முதிர்வு நாள் வரும் முன்பே பணத்தைச் செலுத்திச் சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அதுவே அந்தச் சீட்டை ‘ரிட்டயர்’ செய்வது. முன்கூட்டியே கொடுத்ததற்காக அவருக்குச் சிறு தள்ளுபடியும் கிடைக்கும். கடன் பத்திரங்களை மீட்பதற்கும் இதே சொல் வழங்குகிறது. இந்திய விமானப்படை 1963 முதல் பயன்படுத்திய மிக்-21 போர் விமானங்களை 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுத்து அனுப்பியதும் இந்த வினையால்தான் சொல்லப்பட்டது. அமெரிக்க பேஸ்பால் அமைப்பு, கறுப்பின வீரர்களுக்கு இருந்த நிறத்தடையை உடைத்து 1947இல் களமிறங்கிய ஜாக்கி ராபின்சனின் 42 என்ற சட்டை எண்ணை 1997இல் எல்லா அணிகளிலும் ‘ரிட்டயர்’ செய்தது. அதாவது, இனி எவருக்கும் புதிதாக வழங்காமல் அவருக்கென்றே எடுத்து வைத்தது.

தமிழ்நாட்டில் ‘ஓய்வு பெற்ற’ என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் ‘இளைப்பாறிய அதிபர்’ (அங்கே அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர்) என்றும் ‘ஓய்வுநிலை ஆசிரியர்’ என்றும் எழுதுகிறார்கள். இருசாராரும் போனவருடைய களைப்பையும் அதற்குக் கிடைத்த ஆறுதலையும் பார்த்திருக்கிறோம். அது அன்பான பார்வைதான். ஆனால் மற்றப் பொருள்களுக்கெல்லாம் ‘ஒதுங்கு’, ‘விலகு’, ‘திரும்பப் பெறு’ என்ற வினைகளே பொருந்தும். குறிப்பாக ‘ஒதுங்கு’ என்பதைக் கவனியுங்கள்: மழைக்கு ஒதுங்குகிறோம், வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குகிறோம், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் ‘ரிட்டயரிங்’ இயல்புடையவர் என்பார்கள். அவர் கல்லூரியில் படிக்கும் பெண்ணாகக்கூட இருக்கலாம். ரயில் நிலையங்களில் பயணிகள் தங்கும் ‘ரிட்டயரிங் ரூம்’ என்ற அறையும் இந்தப் பொருளில் வந்ததுதான். பலரும் நினைப்பதுபோல் அது ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கான அறையன்று. உறுதியான பயணச்சீட்டு உள்ள எவரும் முன்பதிவு செய்து, நடைமேடையின் கூட்டத்திலிருந்து சில மணி நேரம் அங்கே ஒதுங்கியிருக்கலாம்.