பிள்ளைகளோடு முதல் மாலத்தீவுப் பயணம்: பட்ஜெட் கேள்வி பதில்

பள்ளி லீவு நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "மாலத்தீவு போகணும், சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, எவ்வளவு ஆகும்?" ரிசார்ட் புக்கிங் வேலையில் இருப்பதால் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பத்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்குக்கு ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா: அக்கா, ஒரு சைட்ல பீச் வில்லா ஒரு ராத்திரிக்கு 250 டாலர்னு போட்டிருக்கு. நாலு ராத்திரி, நாங்க ரெண்டு பேரு, பையனுக்கு 8, பொண்ணுக்கு 5. ஆயிரம் டாலர்ல முடிஞ்சிடுமா?

முடியாதும்மா. அந்த 250-க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். "பிளஸ் பிளஸ்" என்றால் 10% சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் தனி. அந்த ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் 17%. இரண்டையும் கூட்டி 27 என்று போட்டுவிடாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் மீதும் வரி உண்டு என்பதால் 100 டாலர் 128.70 ஆகிவிடும்.

உங்கள் குடும்பத்துக்கே ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். அறை ஆயிரம் என்பது வரியோடு 1,287. பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். நாலு பேர், நாலு ராத்திரி, 192. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் தீவுக்கு ஸ்பீட்போட் போக வர பெரியவருக்கு 180, பிள்ளைக்குப் பாதி என்று வைத்தால் 540. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பெரியவருக்கு நாளைக்கு 80 பிளஸ் பிளஸ், பிள்ளைகளுக்கு இலவசம் என்றே வைப்போம்; நாலு நாளுக்கு வரியோடு 824. மொத்தம் 2,843 டாலர். இரண்டரை லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது, விமான டிக்கெட் இன்னும் வாங்கவே இல்லை.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் அறை வாடகைதான் பெரிய செலவு. சாப்பாடு பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். எதிர்க்கடையும் அவர்கள் கடைதான். அதனால் படகு, சாப்பாடு, வரி மூன்றையும் முதலில் கேளுங்கள், அறை வாடகையைக் கடைசியில் பாருங்கள். ரிசார்ட்டுக்கு எழுதும்போது பிள்ளைகளின் பிறந்த தேதியைக் கொடுத்து, "எல்லா வரியும் படகும் சேர்த்து நால்வருக்கும் மொத்தம் எவ்வளவு" என்று ஒரே எண்ணாக மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: "12 வயசு வரை ஸ்டே ஃப்ரீ, ஈட் ஃப்ரீ" என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், சின்ன எழுத்தையும் படித்துவிட்டு. பெரும்பாலும் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். பிள்ளை பெற்றோரின் அறையிலேயே தங்க வேண்டும். பெற்றோர் எந்தச் சாப்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறார்களோ அதே திட்டம்தான் பிள்ளைக்கும். பல இடங்களில் குழந்தைகள் மெனுவில் இருப்பது மட்டுமே இலவசம். நக்கெட்ஸ், பாஸ்தா, ஃபிரைஸ் என்று நாலு நாள் ஓடும். படகுக் கட்டணமும் பசுமை வரியும் இந்த "ஃப்ரீ"யில் சேராது. சில ரிசார்ட்டுகள் ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை தந்து, இரண்டாவது பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று வாங்குவார்கள். இரண்டு பிள்ளைக்காரர்கள் மாட்டுவது இங்கேதான்.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: சீப்ளேன்ல போகணும்னு பையன் அடம். ஸ்பீட்போட்டை விட எவ்வளவு கூடும்?

சீப்ளேன் (தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம்) போக வர பெரியவருக்கு 400 முதல் 600 டாலர் வரை ஆகும். பிள்ளைக்கு அதில் பாதி அளவு. விலையை மட்டும் பார்த்தால் போதாது. சீப்ளேன் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் தலைநகர் மாலேயில் சாயங்காலம் இறங்கினால் அன்று ரிசார்ட்டுக்குப் போக முடியாது. மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை, சாப்பாடு, டாக்சி என்று தனிச் செலவு. திரும்பும்போதும் அதே கதை: காலை சீக்கிரம் விமானம் என்றால் முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

லக்கேஜும் பாருங்கள். பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான்; மேலே போனால் கிலோவுக்குக் காசு. சின்ன விமானம், உள்ளே சத்தமும் புழுக்கமும் உண்டு, காது அடைக்கப் பஞ்சு தருவார்கள். மேலிருந்து பார்க்கும் காட்சி அற்புதம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பாதி வழியில் தூங்கிவிடும். முதல் பயணத்துக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவாகப் பார்த்து ஸ்பீட்போட்டில் போங்கள். அலை அடித்தால் படகின் முன்பகுதி தூக்கிப் போடும். பிள்ளைகளோடு பின்பக்கம் உட்காருங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: ஆல் இன்க்ளூசிவ் எடுத்தா கவலையே இல்லைன்னு சொல்றாங்க. எங்க வீட்ல யாரும் குடிக்க மாட்டோம்.

அப்படியென்றால் வேண்டாம். ஆல் இன்க்ளூசிவ் என்றால் சாப்பாட்டோடு மதுவும் விலையில் சேர்ந்திருக்கும். நீங்கள் இரண்டு ஜூஸ் குடித்துவிட்டு அடுத்தவர் குடிக்கும் காக்டெயிலுக்குக் காசு கட்டுவானேன்? ஃபுல் போர்டு எடுங்கள், மூன்று வேளையும் பஃபே. அதில் குடிதண்ணீர் சேர்த்தியா என்று மட்டும் தெளிவாகக் கேளுங்கள். சில இடங்களில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பில் வரும். தீவிலேயே கடல்நீரைச் சுத்திகரித்துக் கண்ணாடி பாட்டிலில் இலவசமாகத் தரும் ரிசார்ட்டுகளும் இருக்கின்றன.

காலையும் ராத்திரியும் மட்டும் உள்ள ஹாஃப் போர்டு புதுமணத் தம்பதிக்குச் சரி. பிள்ளைகளுக்கு மத்தியானம் பசிக்கும். ஒரு தட்டு பாஸ்தா 25, 30 டாலர், அதற்கு மேல் பிளஸ் பிளஸ். நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

ஈரோட்டிலிருந்து: மாமியாரும் வர்றாங்க. சுத்த சைவம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துப் போகலாமா? ரைஸ் குக்கர்?

பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் எண்ணெய் முறுக்கு எல்லாம் தாராளமாக. நன்றாகக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். மதுவும் பன்றி இறைச்சியும் நாட்டுக்குள்ளே கொண்டுபோகக் கூடாது. ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தீ பயத்தில் அறையில் சமைக்க விடமாட்டார்கள். வெறும் சோறும் தயிரும் பஃபேயில் கிடைத்துவிடும். சமையல்கட்டில் இந்தியரோ இலங்கைக்காரரோ இருப்பார்; முதல் நாளே செஃப்பைக் கூப்பிட்டு "அம்மாவுக்கு மீன் கலக்காமல் ஒரு பருப்பு" என்று சொன்னால் செய்து தருவார்கள். உள்ளூர்ச் சமையலில் மாசி என்ற உலர்ந்த சூரைமீன் பல பதார்த்தங்களில் கலந்திருக்கும், பார்த்தால் தெரியாது. மாமியார் காலை டிபனில் தேங்காய்த் துருவல் மாதிரி எதையாவது எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், மூன்று பெரியவர்கள் என்றால் அறைக் கணக்கே மாறும். ஒரே வில்லாவில் மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகளை எல்லா ரிசார்ட்டும் விடாது.

சேலத்திலிருந்து ஒருவர்: அரையாண்டு லீவில் போகலாமா, மே மாதமா? எப்போது மலிவு?

அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு சேர்ந்து வருகிறது. மாலத்தீவில் வருடத்திலேயே விலை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. டிசம்பர் 24, 31 ராத்திரிகளுக்குக் "காலா டின்னர்" என்று ஒரு கட்டாயக் கட்டணம் வேறு போடுவார்கள். நீங்கள் போய்ச் சாப்பிடாவிட்டாலும் பில்லில் இருக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, விலை இறங்கும். மழை வரும், கடல் கொஞ்சம் கொந்தளிக்கும். ஆனால் பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும். எட்டு வயதுப் பையனுக்கு மழையில் நீச்சல்குளம் என்றால் கொண்டாட்டம்தான். நான் மே மாதத்தையோ காலாண்டு லீவையோதான் சொல்வேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா: பாஸ்போர்ட், விசாவுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்? குட்டிக்கு ஒன்றே முக்கால் வயசு.

விசாவுக்குச் செலவே இல்லை, இறங்கியதும் இலவசமாகக் குத்திக் கொடுப்பார்கள். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

பாஸ்போர்ட் பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,000. எட்டு வயதுக்குக் கீழ் என்றால் 10% தள்ளுபடி, ஆக 900. நாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் போட்டோ நீங்களே எடுத்துப் போக வேண்டும்.

குட்டியின் வயது முக்கியம். இரண்டு வயது முடியும்வரைதான் மடியில் வைத்துக் குறைந்த கட்டணத்தில் கூட்டிப்போகலாம். திரும்பி வரும் நாளுக்குள் இரண்டு முடிந்துவிட்டால் சீட்டு வாங்கியாக வேண்டும். பிறந்தநாளைத் தீவில் கொண்டாடலாம் என்று நினைத்திருந்தால் ஒரு வாரம் முன்னால் தள்ளுங்கள். டயப்பர், பால்பவுடர், ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் சிரப் எல்லாம் முழுப் பயணத்துக்கும் ஊரிலிருந்தே. ரிசார்ட் கடையில் டயப்பர் இருந்தால் அதிர்ஷ்டம், இருந்தாலும் விலை கண்ணைக் கட்டும். தண்ணீர் மேல் கட்டிய வில்லாவும் வேண்டாம், கைப்பிடிச் சுவர் இல்லாத மரத்தளம், கீழே கடல். பல ரிசார்ட்டுகள் சின்னப் பிள்ளைகளை அங்கே விடுவதே இல்லை.

வேலூரிலிருந்து: ரிசார்ட் வேண்டாம், மாஃபுஷி மாதிரி உள்ளூர்த் தீவு கெஸ்ட் ஹவுஸ் மலிவாமே?

ரொம்பவே மலிவு. 50 அறைக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் பசுமை வரி 6 டாலர்தான். மாலேயிலிருந்து பகிர்வு ஸ்பீட்போட் தலைக்கு 20, 30 டாலர். தெருவில் இறங்கினால் ஹோட்டல், மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் உண்டு. பில் உங்கள் கையில் இருக்கும். மக்கள் வாழும் தீவு, இஸ்லாமிய நாடு, அதனால் மது கிடையாது, நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை.

இருந்தாலும் பிள்ளைகளுக்கு ரிசார்ட் கொடுக்கும் சௌகரியம் இதில் வராது: வாசலில் கடல், குளம், கிட்ஸ் கிளப். பட்ஜெட் இடித்தால் மூன்று ராத்திரி கெஸ்ட் ஹவுஸ், ஒரு பகல் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்கு டே பாஸ் என்று கலந்து போடலாம். நல்ல வழி அது.

பெங்களூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்: டூர் கம்பெனி பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். ஏமாற்றா? கார்டில் எதில் கட்டுவது?

ஏமாற்று இல்லை. வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்றால் வரியை முன்கூட்டியே வசூலிக்க வேண்டும் என்பது சட்டம். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5% ஆக இருந்தது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் இது மாறும், பணம் கட்டும் நாளில் உள்ள விகிதம்தான் கணக்கு. யார் பெயரில் கட்டுகிறீர்களோ அவர் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு (ஐ.டி.ஆர்.) போடும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும், அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

ரிசார்ட் பில் டாலரில் வரும். பல கிரெடிட் கார்டுகள் 3.5% வரை மார்க்அப் என்று கூடுதல் கட்டணமும், அந்த மார்க்அப் மீது 18% ஜி.எஸ்.டி.யும் போடும். மார்க்அப் இல்லாத கார்டு ஒன்று இருந்தால் அதை வையுங்கள். மெஷினில் "ரூபாயிலா டாலரிலா" என்று கேட்டால் டாலர் என்று அமுக்குங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் விருப்பத்துக்குப் போடுவார்கள். செக்-இன் செய்யும்போது ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஈ.எம்.ஐ. போட்டுப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். ஒரு வருடம் தள்ளிப் போட்டுச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ரீஃபண்ட் இல்லாத ரேட் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா? டிப்ஸ் எவ்வளவு?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிளம்பும் வாரம் காய்ச்சல் வருவது சகஜம். கொஞ்சம் கூடினாலும் இலவசமாக ரத்து செய்யும் ரேட்டையே எடுங்கள், கூடவே மருத்துவச் செலவும் பயண ரத்தும் சேர்ந்த இன்ஷூரன்ஸ் நால்வருக்கும். தீவில் டாக்டர் பார்த்தாலே டாலர்தான்.

டிப்ஸ் கட்டாயமில்லை, சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே பில்லில் இருக்கிறது. அறை சுத்தம் செய்பவருக்கும் பெட்டி தூக்குபவருக்கும் கொடுக்க ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நூறு டாலர் நோட்டை நீட்டி அங்கே சில்லறை கேட்பது சிரமம்.