தொற்றுக் காலத்தில் சபை முதலில் திறக்க வேண்டியது பதிவேட்டை

கேள்வி: எங்கள் சபையில் 120 குடும்பங்கள். கொரோனா காலத்தில் ஆலயத்தைப் பூட்டிவிட்டு, இணையவழி ஆராதனையோடு நின்றுவிட்டோம். மீண்டும் அப்படி ஒரு நிலை வந்தால் அக்கம்பக்கத்தாருக்கும் உதவ விரும்புகிறோம். நிதி அதிகமில்லை. எங்கிருந்து தொடங்குவது? – சபைச் செயலர் ஒருவர்

பதில்: நிதி குறைவு என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தனியாக வசிக்கும் முதியவர் யார், யாருக்குக் காது கேட்காது, பட்டினி கிடந்தாலும் வாய் திறந்து கேட்காதவர் யார் என்பது சுகாதாரத் துறைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகவே சபைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தன்னார்வலருக்கு எட்டு வீடுகள் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைக்கட்டும். "நலமா?" என்று கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். "மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே, "பக்கத்து வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்ற கேள்வியும் இருக்கட்டும். சபைக்கு வெளியே உதவி போய்ச் சேரும் வழி அதுதான். மூச்சுத் திணறல், மனக்குழப்பம் என்று கேள்விப்பட்டால் உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். கைவைத்தியம் சொல்லக் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் அனுமதியின்றி அவர் பெயரையும் நோயையும் ஜெபக் குறிப்பில் வாசிக்காதீர்கள். அன்போடுதான் செய்கிறோம், ஆனால் அந்த அன்புக்குப் பயந்தே பலர் நோயை மறைக்கிறார்கள்.

ஆலயத்தைத் திறப்பதா, பூட்டுவதா என்ற விவாதத்துக்கு முன், நோய் எப்படிப் பரவுகிறது என்று சுகாதார அலுவலரிடம் கேளுங்கள். காலரா என்றால் குடிநீரும் கைகழுவுதலும் பொது விருந்தும்தான் கவலைக்குரியவை, பாடுவதால் ஆபத்தில்லை. காற்றில் பரவும் நோய் என்றால் கதை தலைகீழ். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் இரண்டரை மணி நேரப் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குக் கொரோனா; இருவர் இறந்தார்கள். அத்தகைய நோய்க்குத் திறந்தவெளி, குறைந்த நேரம், பாடலின்றி ஆராதனை என்று நடத்தலாம்.

அடக்க ஆராதனைதான் எல்லாவற்றிலும் கடினமானது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் வழக்கமே நோயைப் பரப்பியது. கவச உடையோடு வந்தவர்கள் உடலை எடுத்துப் போனபோது குடும்பங்கள் எதிர்த்தன, உடல்களை மறைத்தன. அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு சேர்ந்து புதிய நெறிமுறையை வெளியிட்டது: உடலைத் தொடாமலே ஜெபிக்கலாம், குடும்பத்தார் உடனிருக்கலாம், கல்லறையில் பெயர் பொறிக்கலாம். உங்கள் போதகர் இதைச் சுகாதார அலுவலரோடு இப்போதே பேசிவைக்கட்டும். துக்க வீட்டில் நின்றுகொண்டு விதிகளை வகுக்க முடியாது.

ஜெபமா மருந்தா என்று ஒரு குரல் சபைக்குள் எழத்தான் செய்யும். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது, திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் ஊரை விட்டு ஓடாமல் நோயாளிகளோடு இருந்தார். அவரே மருந்து உட்கொள்ளவும், தேவையற்ற இடங்களுக்குப் போகாமலிருக்கவும் எழுதினார். அறிவுரையைவிட, போதகர் எல்லோர் முன்னிலையிலும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நன்றாக வேலை செய்யும்.

கட்டடத்தையும் தடுப்பூசி முகாமுக்குக் கொடுக்கலாம். உள்ளே வர ஒரு கதவு, வெளியேற ஒரு கதவு, ஊசி போட்ட பின் சிறிது நேரம் உட்கார இடம் இருந்தால் போதும். உணவுப் பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். பசியோடு வருபவர் அதை நிபந்தனையாகவே படிப்பார்.

இந்த வாரமே பதிவேட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். மாறிப்போன எண்களைத் திருத்திவிட்டு, தன்னார்வலர்களுக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுங்கள்.