கையை அசைக்க நினைப்பதை மூளை சிக்னலில் இருந்து கணிக்கிறார்களே, அது மனதைப் படிப்பதா?

இல்லை. கையை அசைக்கச் சொல்லி மூளை போடும் உத்தரவை, அது கிளம்பும் இடத்திலேயே பதிவு செய்துகொள்கிறார்கள். இ.இ.ஜி. (தலைக்கு மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதியும் முறை) தரவில் இந்தக் கணிப்புக்கான நிரல்கள் எழுதுவதுதான் என் வேலை என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-களில் நரம்பியல் ஆய்வாளர் ஜார்ஜோபூலோஸின் குழு குரங்குகளின் மோட்டார் கார்டெக்ஸில், அதாவது அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியில், ஒன்றைக் கண்டறிந்தது. அங்குள்ள பல நியூரான்களுக்கு (நரம்பு செல்களுக்கு)ப் பிடித்த திசை என்று ஒன்று இருக்கிறது. கை அந்தப் பக்கம் போகும்போது அந்த நியூரானின் மின்துடிப்பு வேகமாகும். திசை விலக விலகத் துடிப்பு குறையும். ஒரு நியூரானை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கானவற்றின் துடிப்புகளை வாக்குகள்போல் எண்ணினால், கை நகரும் முன்பே திசை தெரிந்துவிடும்.

சரி, கையே அசையாதவரிடம் என்ன செய்வது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சிக்கல் இதுதான். சிக்னலை அசைவாக மாற்றும் நிரலான டிகோடருக்குக் கற்றுக்கொடுக்க, எந்தச் சிக்னலுக்குக் கை எப்படிப் போனது என்று காட்ட வேண்டும். இங்கே சிக்னல் இருக்கிறது, அசைவு இல்லை. அதனால் திரையில் கர்சரைத் தானாக நகரவிட்டு, "இதை உங்கள் கை நகர்த்துவதாக முயன்று பாருங்கள்" என்பார்கள். அப்புறம் கர்சர் அவர் வசம் வரும். முதலில் கோணல்மாணலாகத்தான் ஓடும். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு குழு குரங்குகளிடம் ஒரு வழியைச் சோதித்தது: கர்சர் எங்கே போயிருந்தாலும் எண்ணம் இலக்கை நோக்கியே இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, பதிவான திசைகளை இலக்குப் பக்கம் திருப்பி டிகோடருக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். கர்சர் வெகுவாக நேராகிவிட்டது.

2021-இல் வெளியான ஆய்வில், பல வருடங்களாகக் கை செயலிழந்த ஒருவர் பேனாவால் எழுத முயல, நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையில் வந்தன. எழுத்துகளின் வடிவம் அவர் மூளையில் அப்படியே இருந்திருக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அதெல்லாம் மூளைக்குள் எலெக்ட்ரோடு (மின்முனை) பதித்துச் செய்தவை. தலைக்கு மேல் வைக்கும் இ.இ.ஜி.யில், மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் சிக்னல் மங்கிவிடும். வலது கையை அசைப்பதாகக் கற்பனை செய்தால், இடப்பக்க கார்டெக்ஸின் மேலே 8–13 ஹெர்ட்ஸ் அலை அடங்கும். இடது கை, வலது கை என்று பிரிக்க இது போதும். நுணுக்கமான அசைவுகளுக்குப் போதாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. திரையில் வலப்பக்கம் அம்புக்குறி வந்தால் கண்ணும் அந்தப் பக்கம் ஓடும். கண்ணசைவின் மின்னழுத்தம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. டிகோடர் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் படித்து, அபாரமான துல்லியம் காட்டும். அதனால் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன், அது எந்த எலெக்ட்ரோடுகளை நம்புகிறது என்று பார்ப்பேன். கண்ணுக்கு அருகே, நெற்றிப் பக்கம் இருப்பவற்றை அதிகம் நம்பினால் சந்தேகம்தான்.

இனி "90 சதவீதத் துல்லியம்" என்று செய்தி வந்தால், அது பதிவான தரவில் கிடைத்ததா, ஆள் நேரடியாக இயக்கும்போது கிடைத்ததா என்று பாருங்கள். நேரடியாக இயக்குபவர் பிழையைப் பார்த்து உடனுக்குடன் திருத்துவார், அப்போது சிக்னலும் மாறும். பதிவில் ஜெயித்த டிகோடர் அங்கே தோற்பதும் உண்டு.