இளகிய மனம் படைத்தவள் செவிலியர் ஆகலாமா?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். பிறர் வலியைக் கண்டால் உங்கள் மகளுக்குக் கண் கலங்கிவிடுகிறது என்றும், அவளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தால் ஒன்று உடைந்துபோவாள், இல்லையேல் சில ஆண்டுகளில் மனம் மரத்துப்போவாள் என்றும் அஞ்சி எழுதியிருந்தீர்கள். இரண்டுமே இத்தொழிலில் நடப்பவைதாம் என்பதால் உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் பரிவைப் பிறவிக்குணம் என்று நம்பி, அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று விட்டுவிடும் இடங்களில்தான் இவை அதிகம் நடக்கின்றன என்பது என் கருத்து.

இதே கேள்வியோடு முன்பு என்னிடம் வந்த ஒரு மாணவி, இப்போது பணியில் ஓராண்டை முடித்திருக்கிறார். தொடக்கத்தில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுவதே பரிவு என்று அவர் எண்ணியிருந்தாராம். பக்கவாதத்தால் புரண்டு படுக்க முடியாத ஒரு முதியவரிடம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கு வந்த மூத்த செவிலியர் முதியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு, குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாராம். எலும்பு துருத்தும் இடங்களில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை அழுகத் தொடங்கும் என்பதும், அழுத்தி எடுத்தபின்னும் மறையாத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி என்பதும் பாடத்தில் படித்தவையே. அவை பரிவோடு தொடர்புடையவை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்ததாம்.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு இயல்பு மாறிவிடும்; அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே ஒரு நிமிடம் முழுக்க மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பர். உடல்நிலை மோசமாகப் போவதை மற்ற அளவுகளுக்கு முன்பே இந்த எண்ணிக்கை காட்டிவிடுவதுண்டு. வேலைப்பளுவில் ஒப்புக்கு ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவதற்கும் அந்த ஒரு நிமிடம் நின்று எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டையே, தாம் இப்போது பரிவு என்று கருதுவதாகச் சொன்னார்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதே, நல்ல மனம் மட்டும் போதாது, முறையான பயிற்சி வேண்டும் என்பதற்காகத்தான். அதே பள்ளியில் செவிலியராகப் பயின்று பின்னாளில் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி தாங்காமல் நோயாளி கேட்கும்வரை காத்திராமல், அது திரும்பி வருவதற்கு முன்பே உரிய இடைவெளியில் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முறை. உங்கள் மகளின் கண்ணீர் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மனம் மரத்துப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் கற்ற நெறிக்கும் வார்டில் காணும் நடைமுறைக்கும் இடையே புதியவர்கள் படும் அதிர்ச்சியை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லீன் கிரேமர் 1974-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே முதல் ஆண்டில் உங்கள் மகள் தடுமாறினால், தவறான தொழிலைத் தேர்ந்துவிட்டாள் என்று அவசரப்பட வேண்டாம். அதேவேளை, ஒரே ஷிப்டில் அளவுக்கு மீறிய நோயாளிகளைத் தலையில் கட்டிவிட்டு, கனிவில்லை என்று செவிலியரைக் குறைசொல்வதும் நியாயமாகாது. அமெரிக்காவில் 2002-இல் லிண்டா ஐகென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு அறுவைச்சிகிச்சை நோயாளிக்கும், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்பு காணப்பட்டது. பிற்காலத்தில் வேலை தேடும்போது சம்பளத்தோடு, ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதையும் அவள் கேட்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கையில் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். மாணவியர் பயிற்சி பெறும் மருத்துவமனையில் போதிய நோயாளிகள் இருக்கிறார்களா, பயிற்சி நேரத்தில் ஆசிரியர் படுக்கையருகே உடன் நிற்கிறாரா, அல்லது பிள்ளைகளை வார்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாரா, ஒரு மரணத்தை நேரில் கண்ட மாணவியோடு அன்று மாலை யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா என்று இறுதியாண்டு மாணவியரிடமே விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சிரித்து மழுப்பினால், அந்தக் கல்லூரி வேண்டாம்.

சேர்வதற்கு முன், உறவில் படுக்கையிலிருக்கும் ஒருவருக்குச் சில நாட்கள், அவருடைய சம்மதத்தோடு, உடல் துடைத்துவிடவும் உணவூட்டவும் அழுக்கான துணியை மாற்றவும் உங்கள் மகளை அனுப்புங்கள். அவள் அழுதாலும் பரவாயில்லை, கை வேலையைத் தொடர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பிக்க வேண்டிய கல்லூரிகளை அவளோடு பேசி முடிவு செய்வோம்.