150 வயது வரை வாழப்போகிறோம் என்றால் ஓய்வுக்காலச் சேமிப்பு எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 44. முதுமையையே மருத்துவம் நிறுத்திவிடும், 150 வயது சாதாரணமாகிவிடும் என்று அடிக்கடி படிக்கிறேன். அப்படியானால் 60 வயது ஓய்வுக்குச் சேமிப்பதை விட்டுவிட்டு, முதுமைத் தடுப்பு மருந்து நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் போடலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து சேமிப்பை நிறுத்தாதீர்கள்.

ஆயிரம் வயது வாழப்போகிறவர் ஏற்கெனவே பிறந்திருக்கலாம் என்று முதுமை ஆராய்ச்சியாளர் ஆப்ரே டி கிரே சொல்லி இருபது ஆண்டுகளாகின்றன. ஆனால் உறுதிசெய்யப்பட்ட ஆயுள் சாதனை இன்னும் 122 தான். அது 1997-ல் இறந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கல்மான் வைத்தது. அவருக்குப் பிறகு 120-ஐக்கூட யாரும் தொடவில்லை. கடந்த நூற்றாண்டில் சராசரி ஆயுள் கூடியதற்குப் பெரும் காரணம், குழந்தைகள் இறப்பது குறைந்தது. அதே வேகம் முதுமையிலும் வரும் என்று நம்பப் பெரிதாக ஆதாரமில்லை. நடுவயதுக்கு மேல் மரண அபாயம் ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. ஒரு நோயை ஒழித்தாலும் அடுத்தது வந்து நிற்கும்.

பங்கு விஷயம். ‘சர்ட்ரிஸ்’ என்ற முதுமை ஆராய்ச்சி நிறுவனத்தை 2008-ல் பெரிய மருந்து நிறுவனமான கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-ல் அதன் அலுவலகத்தையே மூடிவிட்டது. மருந்துத் துறையில் ஊறியவர்களுக்கே இந்த நிலை. ஆசை விடவில்லையா, மொத்த முதலீட்டில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வேண்டாம்.

கல்மான் கதையில் உங்களுக்கு வேண்டிய பாடமும் இருக்கிறது. 1965-ல், 90 வயதில், அவர் தன் வீட்டை ஒரு வழக்கறிஞருக்கு எழுதிக்கொடுத்தார். கல்மான் சாகும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுக்க வேண்டும், அதன் பிறகே வீடு கைக்கு வரும். வழக்கறிஞருக்கு அப்போது 47. முப்பது ஆண்டு கட்டிவிட்டு 77 வயதில் அவர் முதலில் போய்ச் சேர்ந்தார். மிச்சத்தை அவர் மனைவி கட்டினார். இன்னொருவரின் ஆயுளை ஊகித்துப் பணம் போட்டவர் அவர். சாகும்வரை வருமானத்தை உறுதி செய்துகொண்டவர் கல்மான். நீங்கள் கல்மான் பக்கம் நில்லுங்கள்.

அதாவது 95 வயது வரை பணம் வரும்படி திட்டமிடுங்கள். ஓய்வு பெறும்போது வாடகை, சாப்பாடு, மருந்துச் செலவுக்கு ஈடாக ஆயுள் முழுக்கத் தரும் ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வாங்குங்கள். நீங்கள் படித்தது பலித்தால் சேமித்தது வீணாகாது, கூடுதல் வருடங்களுக்கு உதவும். பலிக்காவிட்டால், 70 வயதில் கையில் ஒன்றுமில்லாமல் வேலை தேட வேண்டியிருக்காது. இந்த மாதத் தவணையை வழக்கம்போல் கட்டிவிடுங்கள்.