அகராதியில் அகப்படாத ஆஸ்டெரிக்ஸ் பெயர்கள்

அகராதியில் தேடினால் கிடைக்காது, நண்பரே. பிரெஞ்சு மொழி ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையில் வரும் 'அசுரான்ஸ்தூரிக்ஸ்', 'அப்ரராகூர்சிக்ஸ்' ஆகிய பெயர்களுக்குப் பொருள் கேட்டிருந்தீர்கள். எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். முதலாவது 'அசுரான்ஸ் தூ ரிஸ்க்', அதாவது எல்லா இடர்களுக்குமான முழுக் காப்பீடு. கடைசி 'ஸ்க்' ஒலியைப் புரட்டி 'க்ஸ்' ஆக்கிவிட்டார் கதாசிரியர் கொசினி. பாட வாயெடுத்தாலே அடிவாங்கும் பாடகனுக்கு வேறென்ன பெயர் வைப்பது! இரண்டாவது ஊர்த்தலைவனின் பெயர்; அதற்குள் இருப்பது 'அ ப்ரா ரகூர்சி': ஒருவர்மீது பாய்ந்து வெளுத்து வாங்குவதைச் சொல்லும் மரபுத்தொடர்.

எல்லாப் பெயர்களும் இப்படி மல்லுக்கட்டுவதில்லை. நாய்க்குட்டி 'இதேஃபிக்ஸ்' உச்சரிப்பில் அப்படியே 'இதே ஃபிக்ஸ்', மனத்தைவிட்டு அகலாத எண்ணம். ரோமானிய முகாம் 'பாபாவோரும்' ரம்மில் ஊறிய கேக். 'இக்ஸ்' என்ற வால் மட்டும் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் போன்ற உண்மையான கௌல் (பண்டைய பிரான்ஸ் பகுதி) பெயர்களிலிருந்து வந்தது.

ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். அதன் மொழிபெயர்ப்பாளர்கள் ஆந்தியா பெல்லும் டெரிக் ஹாக்ரிட்ஜும் பல பெயர்களுக்குச் சொந்தமாகவே நகைச்சுவை செய்தார்கள். பாடகன் அங்கே 'கக்கோஃபோனிக்ஸ்' ('கக்கோஃபனி' என்றால் காதைக் குடையும் இரைச்சல்), காப்பீட்டின் வாடையே இல்லை.